‘நான் ஆல்ஃபா’ என்று ஒருவர் சொன்னால்: புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் சித்தி மகன் திடீரென்று சிரிப்பதை நிறுத்திவிட்டான். அப்போது அவனுக்கு 19 வயது. யாராவது ஜோக் சொன்னால் வாயோரம் துடிக்கும், உடனே தாடையை இறுக்கிக்கொள்வான். மெசேஜ் வந்தால் முதல் ஆளாகப் பார்ப்பான், ஆனால் பதில் போடமாட்டான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். என்னடா இது என்று கேட்டேன். “உடனே ரிப்ளை பண்றவன் பீட்டா அண்ணா” என்றான்.

அவனுக்காகத்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் வந்தது. ஒரு நல்ல பையனின் சிரிப்பைப் பிடுங்கிய அந்தச் சொல்லுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. இந்தப் பேச்சை இப்போதுதான் முதல்முறை கேட்கிறீர்கள் என்றாலோ, உங்கள் வீட்டிலோ நட்பு வட்டத்திலோ ஒருவர் இப்படிப் பேசத் தொடங்கியிருக்கிறார் என்றாலோ, என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆல்ஃபாவும் பீட்டாவும் கிரேக்க எழுத்து வரிசையில் முதல் இரண்டு. விலங்குக் கூட்டத்தில் எது எதற்கு வழிவிடுகிறது என்று கவனித்து எழுதியவர்கள், முதலிடத்தில் இருப்பதைக் குறிக்க ஆல்ஃபா என்று வைத்துக்கொண்டார்கள். அது வெறும் குறியீடு. நோட்டில் எழுதிக்கொள்ள வசதியாக இருந்தது.

ரீல்ஸில் இன்று அதற்கு வேறு அர்த்தம். ஆல்ஃபா என்றால் யாருக்கும் பணியாதவன், அழாதவன், மன்னிப்புக் கேட்காதவன், பெண்களை அடக்கி வைப்பவன். அன்பாகப் பேசுகிறவன், “எனக்குத் தெரியாது” என்று ஒப்புக்கொள்கிறவன், வீட்டு வேலையில் பங்கெடுப்பவன் எல்லோரும் பீட்டா. சிக்மா என்று இன்னொரு பட்டமும் சுற்றுகிறது, கூட்டமே வேண்டாம் என்று தனியே கெத்தாகத் திரிகிறவனாம். 2010 வாக்கில் வலைப்பதிவு எழுதிய ஒருவர் கிளப்பிவிட்ட பெயர் அது. விலங்கியலில் அப்படி ஒரு வகையே கிடையாது.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது, பட்டம் கொடுப்பவரும் வாங்கிக்கொள்பவரும் ஒரே ஆள் என்பதை. தன்னைத்தானே மெச்சிக்கொள்ளுமாம் தவிட்டுக் கொழுக்கட்டை என்று நம் பாட்டிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்து, ஓநாய்க் கதையை விசாரியுங்கள்

ஆல்ஃபா பேச்சுப் பேசுகிறவரிடம் ஆதாரம் கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் ஓநாயைத்தான் இழுப்பார்கள். அதனால் இந்தக் கதையை நீங்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

1947-இல் ருடால்ஃப் ஷென்கெல் என்ற ஆய்வாளர் ஓநாய்களின் நடத்தை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் பார்த்தது காட்டு ஓநாய்களை இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகர விலங்குக் காட்சிசாலையில், 10 மீட்டருக்கு 20 மீட்டர் அளவுள்ள ஓர் அடைப்புக்குள் 10 ஓநாய்கள் வரை இருந்தன. அந்த இடத்தைக் கொஞ்சம் மனதுக்குள் அளந்து பாருங்கள். ஓர் ஓநாய் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குச் சில நொடிகளில் ஓடிவிடும். சண்டை வேண்டாம் என்று விலகிப் போகலாம் என்றால் போக இடமில்லை. அப்படி அடைத்து வைத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? அந்தச் சண்டையில் மேலே வந்தவற்றைத்தான் ஆல்ஃபா என்றார்கள்.

டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-இல் ஓநாய்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அதுவரை தெரிந்ததை எல்லாம் தொகுத்தபோது இந்த ஆல்ஃபா கருத்தும் உள்ளே வந்தது. நூல் நன்றாக விற்றது, சொல்லும் பரவியது. மெக் அதோடு நிற்கவில்லை. கனடாவின் வடகோடியில் இருக்கும் எல்ஸ்மியர் தீவுக்கு 1986 முதல் கோடைதோறும் போய், மனிதர்களைக் கண்டு மிரளாத காட்டு ஓநாய்களைப் பக்கத்திலிருந்தே பார்த்தார். 13 கோடைகாலம் பார்த்தபின் 1999-இல் அவர் எழுதியது இதுதான்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, ஓரிரு வருடக் குட்டிகள். முதலிடத்துக்காகச் சண்டை நடப்பது அரிதிலும் அரிது. குட்டிகளுக்கு வழிகாட்டுவது பெற்றோர் என்பதால் அவர்கள் முன்னால் நிற்கிறார்கள். வளர்ந்த பிள்ளைகள் கூட்டத்தை விட்டுக் கிளம்பி, துணை தேடி, தனிக் குடும்பம் தொடங்குகின்றன. ஒரே கூட்டத்தில் பல தாய்கள் குட்டி போடும் பெரிய கூட்டங்களில் வேண்டுமானால் ஆல்ஃபா என்ற சொல்லுக்கு இடமுண்டு, மற்றபடி அதை ‘அம்மா’, ‘அப்பா’ என்றே சொல்லிவிடலாம் என்பது அவர் கருத்து.

தன் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்திடம் அவரே பல வருடங்கள் கேட்டுக்கொண்டிருந்தார். 2022-இல்தான் அது நின்றது. தான் பரப்பிய தவறைத் தானே துரத்திப் பிடித்துத் திருத்திய அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. மன்னிப்புக் கேட்காதவன்தான் ஆண் என்று கத்துகிறவர்கள், அவருடைய பழைய தவறின்மேல் நின்றுகொண்டுதான் கத்துகிறார்கள்.

இன்னும் ஓர் ஓநாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு 1995-லும் 1996-லும் ஓநாய்களை மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். 1995-இல் அந்த ஓநாய்களுக்குப் பிறந்த குட்டிகளில் ஒன்றுக்கு ஆய்வாளர்கள் வைத்த எண் 21. பல வருடங்கள் தினமும் அந்த ஓநாய்களைத் தொலைநோக்கியில் பார்த்து வந்தவர் ரிக் மக்கின்டயர். 21 எந்தச் சண்டையிலும் தோற்றதில்லை, தோற்றுப்போன எதிரியைக் கொன்றதும் இல்லை என்று அவர் பதிவு செய்திருக்கிறார். அவ்வளவு பலசாலிக்குப் பிடித்த விளையாட்டு என்ன தெரியுமா? குட்டிகளோடு மல்லுக்கட்டுவது. சின்னஞ்சிறு குட்டி ஒன்று மேலே பாய்ந்ததும், பலம் தாங்காமல் சாய்ந்ததுபோல மல்லாந்து விழுந்து நான்கு கால்களையும் மேலே தூக்கிக்கொள்ளும். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு அதன்மேல் ஏறி நிற்கும். ஆல்ஃபா என்று யாராவது ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், நான் இந்த அப்பாவைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, குரங்குகளையும் பார்த்துவிடுங்கள்

ஓநாய் போனால் சிம்பன்சியைப் பிடித்துக்கொள்வார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால் கவனமாகப் பேச வேண்டும். சிம்பன்சிக் கூட்டத்தில் முதலிடத்து ஆண் என்று ஒன்று உண்டு. இதை உலகத்துக்கு விளக்கியவர் ஃபிரான்ஸ் டி வால். நெதர்லாந்தின் ஆர்னெம் நகர விலங்குக் காட்சிசாலையில் சிம்பன்சிகளைப் பல வருடங்கள் கவனித்து 1982-இல் ஒரு நூல் எழுதினார். 1990-களில் நியூட் கிங்ரிச் என்ற அமெரிக்க அரசியல் தலைவர், நாடாளுமன்றத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அந்த நூலைப் பரிந்துரைத்தார். அப்புறம் ஆல்ஃபா அரசியல் பேச்சிலும் வியாபாரப் பேச்சிலும் புகுந்துகொண்டது. அங்கே அதற்கு ரவுடி என்ற அர்த்தம் வந்துவிட்டதே என்று டி வால் பின்னாளில் வருத்தப்பட்டார்.

அவர் கண்டது என்னவென்றால், பெரிய உடம்புக்காரன்தான் முதலிடத்துக்கு வருவான் என்று ஒன்றுமில்லை. மற்றவர்களின் ஆதரவு இருந்தால் சிறிய உடம்புக்காரனும் வரலாம். வந்தபின் நீடிக்க வேண்டும் என்றால் சண்டைகளை விலக்கிவிட வேண்டும், பலவீனமானவர் பக்கம் நிற்க வேண்டும், அடிபட்டவரைத் தேற்ற வேண்டும். கூட்டத்திலேயே அதிகம் ஆறுதல் சொல்வது இந்த ஆணாக இருப்பதையும் அவர் பார்த்தார். ஆர்னெமில் முதலிடத்தில் இருந்த லூயிட் என்ற சிம்பன்சி, 1980-இல் ஓர் இரவு மற்ற இரண்டு ஆண்கள் சேர்ந்து தாக்கியதில் செத்துப்போனது. அந்த நாற்காலி அவ்வளவு ஆட்டம் காணும் நாற்காலி.

ஆமோஸ் என்ற இன்னொரு சிம்பன்சி. இதுவும் ஒரு கூட்டத்தின் முதலிடத்து ஆண். கூட்டத்துக்கு அதைப் பிடித்திருந்தது. உள்ளே புற்றுக்கட்டிகள் வளர்ந்து அது சாகும் தறுவாயில் இருந்தபோது, டெய்சி என்ற பெண் சிம்பன்சி படுக்கைக்குப் போடும் மரச்சுருளை அள்ளி அள்ளிக் கொண்டுவந்து, ஆமோஸின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் திணித்து வைத்தது. நோயாளிக்கு நாம் தலையணை வைப்போமே, அதுபோல. பயத்தால் சேர்த்த கூட்டத்தில் முதுகுக்கு யாரும் அணை கொடுக்கமாட்டார்கள்.

பபூன் குரங்குகளில் இன்னொரு சேதி. கென்யாவின் அம்போசெலியில் காட்டுப் பபூன் ஆண்களின் கழிவிலிருந்து ஹார்மோன் அளவை வருடக்கணக்கில் அளந்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். முதலிடத்து ஆணுக்கு மன அழுத்த ஹார்மோன், இரண்டாம் இடத்து ஆணுக்கு இருப்பதைவிடத் தெளிவாகவே அதிகம். பீட்டா என்று ஏளனமாகச் சொல்கிறார்களே, அந்த பீட்டா நிம்மதியாகத் தூங்குகிறது.

மனிதர்களுக்கு வந்தால் கதை இன்னும் மாறும். 2001-இல் ஜோசப் ஹென்ரிச், ஃபிரான்சிஸ்கோ கில்-வைட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மனிதக் கூட்டத்தில் உயர்வு இரண்டு வழியில் வருகிறது என்று எழுதினார்கள். ஒன்று பயமுறுத்திப் பெறுவது. மற்றொன்று, நம்மிடம் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று மற்றவர்கள் தாங்களாகவே முன்வந்து கொடுப்பது. ஒருவருக்கு எல்லா இடத்திலும் ஒரே தரவரிசை என்பதும் கிடையாது. மைதானத்தில் தலைவராக இருப்பவர் வேலையிடத்தில் கடைசி ஆளாக இருக்கலாம், வீட்டில் மகள் சொல்வதைக் கேட்டு நடக்கலாம். இவரை எந்த எழுத்தில் அடைப்பது?

இனி எதிரில் இருப்பவரைக் கவனியுங்கள்

தன்னை ஆல்ஃபா என்று சொல்லிக்கொள்ளும் ஆளை எடைபோடப் பெரிய அறிவு தேவையில்லை. தனக்கு எந்த லாபமும் இல்லாத ஒருவரிடம், அதாவது பரிமாறுகிறவரிடமோ காவலாளியிடமோ, அவர் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். சின்ன விஷயத்தில் ஒருமுறை “இல்லை, எனக்கு வேண்டாம்” என்று சொல்லிப் பாருங்கள். முகம் எப்படி மாறுகிறது என்பதில் பாதி விடை கிடைத்துவிடும். வீடியோவில் பேசுகிறவர் என்றால் கடைசி ஒரு நிமிடத்துக்குப் போய்விடுங்கள். முதலில் நீ தோற்றவன் என்று சொல்லி வயிற்றைக் கலக்குவார், கடைசியில் அதற்கு மருந்தாகத் தன் கோர்ஸை விற்பார். பயத்தைக் கொடுக்கிறவரே மருந்தையும் விற்றால் அது வியாபாரம்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு மேலாளர் இருந்தார். மீட்டிங்கில் மேசையைத் தட்டி, “இந்த ரூம்ல ஆல்ஃபா நான்தான், அதை ஞாபகம் வெச்சுக்கங்க” என்றார். ஒருவர் பேனாவை மூடினார், ஒருவர் ஜன்னல் பக்கம் பார்த்தார், யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த மாதம், வேலையை ஒப்படைக்க வேண்டிய நாளின் முந்தைய இரவில் சர்வர் படுத்துவிட்டது. அவர் போனில் யார்யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். எட்டு பேரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு மூத்த சக ஊழியர் ஒருவரின் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அந்த அம்மா அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. “பதறாதீங்க, ஒண்ணொண்ணா பார்க்கலாம்” என்றார். விடியற்காலை மூன்று மணிக்கு வேலை முடிந்தது. அந்த அறையில் யார் முன்னால் நின்றார் என்று யாரும் அறிவிக்கத் தேவைப்படவில்லை.

சிரிக்கலாம், ஆனால் பட்டத்தைப் பார்த்துச் சிரியுங்கள்

இந்த ஜம்பத்தைக் கேலி செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பந்தா உயிர் வாழ்வது மற்றவர்களின் மௌனத்தில்தான். ஆனால் கேலிக்கும் ஒரு முறை உண்டு.

கேள்வியாகக் கேளுங்கள். “ஆல்ஃபாவா? எந்தக் கூட்டத்துக்கு?” “யார் உங்களைத் தேர்ந்தெடுத்தாங்க?” “மத்தவங்களுக்கு இது தெரியுமா?” குரலை உயர்த்தாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டாலே போதும். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிச் சமாளித்தவர் ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. ஓநாயை இழுத்தால், “ஆமா, அது அப்பா ஓநாய். உங்களுக்கு எத்தனை குட்டி?” என்று கேட்கலாம்.

அவருடைய உயரம், உடம்பு, சம்பளம், காதலி இல்லாதது, இதில் எதையும் தொடாதீர்கள். குறிப்பாக, “நீயே ஒரு பீட்டாதான்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. ஏணியே பொய் என்று சொல்ல வந்தவர், அதே ஏணியில் அவரை ஒரு படி கீழே தள்ளிவிட்டுப் போவதாக ஆகிவிடும். அவர் அந்தப் படியை மீட்க இன்னும் வெறியோடு அங்கேயே போவார்.

சிரிக்கக் கூடாத இடமும் உண்டு. அந்த ஆள் உங்களோடு வாழ்கிறவராக, உங்கள் போனைச் சோதிப்பவராக, தோழிகளை ஒவ்வொருவராக வெட்டிவிடச் சொல்பவராக, பணத்தைப் பிடுங்கி வைப்பவராக இருந்தால், கேலி வேண்டாம். அவமானப்பட்ட கோபம் அடியாக இறங்கும். அங்கே முதல் வேலை உங்கள் பாதுகாப்பு. நம்பிக்கையான ஒருவரிடம் நடப்பதைச் சொல்லுங்கள், மெசேஜ்களை அழிக்காமல் வையுங்கள், வெளியேற ஒரு வழியைப் பார்த்து வையுங்கள். மேலதிகாரி என்றால் தேதியோடு எழுதி வையுங்கள்.

போனைச் சுத்தம் செய்வது

இது சின்ன வேலை, ஆனால் பலன் அதிகம். இந்த வகை வீடியோ வந்தால் ‘ஆர்வமில்லை’ என்பதை அழுத்துங்கள். பார்த்தவற்றின் பட்டியலில் இருந்தும் அவற்றை நீக்கிவிடுங்கள். கோபமாகக் கமெண்ட் போடாதீர்கள், முழுதாகப் பார்க்காதீர்கள், கிண்டலுக்காகக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். நீங்கள் திட்டுகிறீர்களா ரசிக்கிறீர்களா என்பதைவிட, நின்று பார்த்தீர்களா என்பதைத்தான் அந்தச் செயலி பெரிதாக எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக, அது உங்கள் தம்பியாக இருந்தால்

என் விஷயத்தில் நான் முதலில் செய்தது தப்பு. 1947, 1970, 1999 என்று வருடம் வருடமாக அடுக்கி அவனுக்குப் பாடம் எடுத்தேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, “பீட்டாதான் இவ்ளோ விளக்கம் கொடுப்பான் அண்ணா” என்று எழுந்து போய்விட்டான். அந்தப் பேச்சை அவர்கள் அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். எதிர்க்கிற எவனும் கீழே இருப்பவன் என்று ஆகிவிட்டால் யார் பேச்சும் உள்ளே போகாது.

அதனால் வாதத்தை விட்டுவிட்டேன். இரவில் நடக்கப் போகும்போது கூப்பிட்டுக்கொண்டு போனேன். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அதனால் பேச்சு சுலபமாக வரும். இதை எல்லோருக்கும் சொல்வேன்: எதிரெதிரே உட்கார வைத்துப் பேசாதீர்கள். இந்த வீடியோக்களைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்காதீர்கள். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள், கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

மூன்றாவதோ நான்காவதோ நாள் சொன்னான். வகுப்பில் ஒரு பெண்ணிடம் மனதில் இருந்ததைச் சொல்லியிருக்கிறான். அவள் மரியாதையாகத்தான் மறுத்திருக்கிறாள். ஆனால் கூட இருந்த பையன்கள் அந்த மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டுச் சிரித்திருக்கிறார்கள். அன்று இரவு தூக்கம் வராமல் போனைத் தள்ளிக்கொண்டே இருந்தபோதுதான் முதல் வீடியோ வந்திருக்கிறது: “உன்னைப் பார்த்து யாரும் சிரிக்காம இருக்கணுமா?”

வேண்டாம் என்று ஒருவர் சொல்வதால் நாம் குறைந்துபோவதில்லை என்பதையும், சிரித்த பையன்கள் செய்ததுதான் கேவலம் என்பதையும் அன்று சொன்னேன். உங்கள் தம்பியிடம் இதற்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு காயம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வரை ஓநாய் ஆராய்ச்சியை எடுக்காதீர்கள். எனக்குத் தோராயமாக ஆறு வாரம் பிடித்தது. அதற்கப்புறம் ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போது, எந்தப் பீடிகையும் போடாமல், 21 மல்லாந்து விழுந்து காலைத் தூக்கிக்கொள்ளும் கதையைச் சொன்னேன்.

கொஞ்ச தூரம் பேசாமல் வந்தான். அப்புறம் கேட்டான், “அந்தக் குட்டி நெஜமாவே ஜெயிச்சதாதான் நெனச்சிருக்குமா அண்ணா?”